படத்தொகுப்பு

தொகுத்தல் தமிழர்க்குப் புதிய தொழிலன்று. புலவர் பலர் வெவ்வேறு காலங்களில் பாடிய பாடல்களைச் சான்றோர் தேர்ந்து முறைப்படுத்தியமையால் எட்டுத்தொகை நமக்குக் கிடைத்தது. அவ்வாறே, வெவ்வேறு நேரங்களில் எடுத்த காட்சிகளைத் தேர்ந்து, ஒரு கருத்துத் தோன்ற இணைப்பது படத்தொகுப்பாகும்.

1895ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு லூமியேர் உடன்பிறந்தார் காட்டிய படங்கள், ஒவ்வொன்றும் ஒரே காட்சியாக ஒரு நிமிட அளவில் முடிந்தன. காட்சிகளை இணைக்கும் கலை பின்னரே வளர்ந்தது. அந்நாளில் படச்சுருளைக் கத்தரித்து ஒட்டினர். நொடிக்கு 24 படங்கள் ஓடும் 35 மில்லிமீட்டர்ச் சுருளில், ஒரு நிமிடக் காட்சி 90 அடி நீளும். இக்காலத்தில் அவ்வேலையைக் கணினி மென்பொருளால் செய்கின்றனர். அது மூலக் காட்சியை வெட்டுவதில்லை. எங்குத் தொடங்கி எங்கு முடிப்பது என்னும் குறிப்பையே பதிந்துகொள்கிறது. ஆதலின் பிழை நேரினும் திருத்திக்கொள்ளலாம்.

மாணவன் ஒருவன் தன் ஊர்க் குயவரைப் பற்றி ஐந்து நிமிடப் படம் எடுக்க முயன்றான் எனக் கொள்க. அவனிடம் ஒரு மணி நேரக் காட்சிகள் உள்ளன. முதலில் அவற்றைப் படியெடுத்து வேறோரிடத்திலும் சேமித்தல் வேண்டும். பின்பு அனைத்தையும் பார்த்துக் குறிப்பெழுதுதல் வேண்டும். மண் பிசைதல், சக்கரம் சுழலுதல், பானையைத் தட்டுதல், சூளையில் அடுக்குதல் ஆகியவற்றைத் திரையிலுள்ள காலக்கோட்டில் வரிசையாக வைத்தால் முதல் வடிவம் உருவாகும். அது நீண்டு சலிப்பூட்டும். வெயிலில் நின்று அரிதின் எடுத்த காட்சியாயினும், கருத்துக்கு உதவாததை நீக்கவே வேண்டும். ஒலியிலும் கருத்து வேண்டும். பானை தட்டும் ஓசை சற்று முன்னரே கேட்குமாயின், காண்போர் உள்ளம் அடுத்த காட்சிக்கு ஆயத்தமாகும்.

இக்கலையில் ஓர் ஆற்றலும் உண்டு. அதனால் விளையும் தீங்கும் உண்டு. 1920ஆம் ஆண்டை ஒட்டி, உருசிய நாட்டுக் குலெஷோவ் என்பவர் ஒரே முகத்தின் காட்சியை உணவு, பிணப்பெட்டி முதலியவற்றின் காட்சிகளோடு தனித்தனியே இணைத்துக் காட்டினார். முகம் மாறவில்லை, ஆயினும் கண்டோர் ஓரிடத்தில் பசியையும் மற்றோரிடத்தில் துயரையும் அம்முகத்தில் கண்டனர் என்பர்.

நம் மாணவனும் அத்தகைய சோதனைக்கு உள்ளானான். குயவர் வெயில் தாங்காது பெருமூச்செறிந்த காட்சியை, நெகிழிக் குடங்கள் விற்கும் கடையின் காட்சிக்குப் பின் வைத்தான். தொழில் நலிந்ததை எண்ணி அவர் வருந்துவதுபோல் தோன்றியது, படமும் உருக்கமாயிற்று. ஆனால் அவர் அவ்வாறு வருந்தியதுமில்லை, சொன்னதுமில்லை. மாணவன் சிந்தித்தான், அவ்விணைப்பை நீக்கினான். உருக்கம் சிறிது குறைந்தது; உண்மை நிலைத்தது.

வெட்டுதலும் ஒட்டுதலும் கருவியின் செயல். எதனை எதனோடு சேர்ப்பது தகும் எனத் தெளிதல் மனிதனின் கடமை. பிறர் முகத்தைத் தன் கையில் பெற்றவன், அவருக்குப் பொய்யுரை சூட்டாது காத்தல் வேண்டும்.