பிதிரார்ஜிதமாக வந்த ஃபியட்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதமும், அதனுடன் நீ அனுப்பியிருந்த பதினான்கு புகைப்படங்களும் சென்ற வாரமே வந்து சேர்ந்தன. பதில் எழுதத் தாமதித்ததற்குச் சோம்பல் காரணமல்ல. படங்களை மேஜைமீது பரப்பி வைத்துக்கொண்டு, பூதக்கண்ணாடியின் உதவியால் திருகாணி திருகாணியாகப் பார்த்துக்கொண்டே இருந்ததில் நாட்கள் போய்விட்டன.

உன் அப்பாவின் வண்டியில் புதிய ஜப்பானிய எஞ்சினும் ஐந்து கியர்ப் பெட்டியும் குளிர்சாதனமும் பொருத்த வேண்டும் என்பது உன் விருப்பம். அவர் செய்த மாறுதல்கள் அனைத்தையும் களைந்து, 1958-ஆம் வருஷத்தில் பம்பாய்க் குர்லா தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தபோது இருந்த ஸ்திதிக்கே அதைக் கொண்டுபோய்விட வேண்டும் என்பது உன் அக்காவின் பிடிவாதம். இருவரும் தனித்தனியே எனக்கு எழுதி, மற்றவருக்கு நல்ல புத்தி சொல்லும்படி கேட்டிருக்கிறீர்கள். இரண்டு யோசனையும் எனக்குச் சம்மதமில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காரணத்தைச் சொல்லச் சற்று நேரம் பிடிக்கும்.

புது ஃபியட்டுக்குப் பணம் கட்டிப் பதிவு செய்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டிய அந்தக் காலத்தில், உன் அப்பா, அதாவது என் மச்சான், அதைப் பழைய வண்டியாகவே வாங்கினார். முன்கதவுகள் எதிர்ப்புறமாகத் திறக்கும். கியர்த் தண்டு ஸ்டியரிங்கோடு ஒட்டியிருக்கும். 1089 கன சென்டிமீட்டர் கொள்ளளவு கொண்ட அந்தச் சாதுவான எஞ்சின், குடும்பத்தோடு கோயிலுக்குப் போய்வருவதற்கென்றே பிறந்தது போலிருக்கும். அவருக்கோ சோழவரத்துப் பித்து. யுத்த காலத்தில் ஆகாய விமானங்களுக்காகப் போட்ட ஓடுபாதையில், சென்னைக்கு வடக்கே, மோட்டார்ப் பந்தயம் நடக்கும்போதெல்லாம் நாங்கள் கோயமுத்தூரிலிருந்து இரவோடிரவாகக் கிளம்பிப் போய்விடுவோம். வெயிலில் நின்று புழுதி குடித்துவிட்டுத் திரும்பி வந்த மறுநாளே, அவர் வண்டியின் பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு யோசனையில் ஆழ்ந்துவிடுவார்.

அந்த யோசனைகளின் விளைவைத்தான் நீ இப்போது பிதிரார்ஜிதமாகப் பெற்றிருக்கிறாய். ஆனால் மாப்பிள்ளை, அந்த வண்டியில் உள்ள மாறுதல்கள் ஒரே ஜாதியைச் சேர்ந்தவையல்ல. சில அவர் ஆசைப்பட்டுச் செய்தவை; மற்றவை, வேண்டிய சாமான் கிடைக்காமல் வேறு வழியின்றிச் செய்தவை. வெளி தேசத்துச் சாமான் இறக்குமதி என்றால் லைசென்ஸ், அதற்கு ஒரு சிபாரிசு, அதன்மேல் ஒரு காத்திருப்பு என்று இருந்த நாட்களில், எங்கள் பட்டறைகளில் கற்பனை பாதியென்றால் பற்றாக்குறை மறுபாதி. எது எந்த வகை என்பது இரும்பைப் பார்த்தால் தெரியாது, உடனிருந்தவனுக்குத்தான் தெரியும். அதற்காகவே இந்தக் கடிதம்.

உதாரணத்துக்கு அந்த ரேடியேட்டர். உன் சிநேகிதர்கள் அதைப் பார்த்து, 'என்ன அசாத்தியமான கற்பனை!' என்று வியந்ததாக எழுதியிருக்கிறாய். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. பழையது ஒழுகியது, புதியது அகப்படவில்லை. ஆகையால் ஏதோ ஒரு டிராக்டரின் ரேடியேட்டரை வெட்டிச் சுருக்கி ஈயம் வைத்து ஒட்டினார். அதைப்பற்றிப் பேச்செடுத்தாலே மச்சானுக்கு முகம் சுருங்கிவிடும். காரணமில்லாமல் அல்ல. அந்த எஞ்சினில் கீழ்ப்பகுதி இரும்பு, மேலே உள்ள ஹெட் அலுமினியம். சூட்டில் இரண்டும் ஒரே அளவாக விரிவதில்லை. அவரோ வேகத்துக்காக ஹெட்டைச் சீவி அழுத்தத்தை உயர்த்தி, சூட்டையும் கூட்டி வைத்திருந்தார். சோழவரத்தில் அவர் கலந்துகொண்ட ஒரே பந்தயத்தில், பாதித் தூரத்திலேயே கேஸ்கட் போய் நீராவி கக்கிக்கொண்டு நின்றதற்கு அந்த ரேடியேட்டரே காரணம். அதைக் கழற்றி எறிந்துவிட்டு நல்லதாக ஒன்று செய்வித்துப் போட்டாயானால், அவருடைய ஆத்மா உன்னை வாழ்த்தும். சைக்கிள் பிரேக் கம்பியால் இழுபடும் ஆக்ஸிலேட்டர், வேறு வண்டியிலிருந்து வந்த பின்விளக்குகள் ஆகியவற்றின் கதையும் இதுவே.

பிரேக்கும் அவ்விதமே. நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். குன்னூரிலிருந்து பர்லியாறு வழியாக இறங்குகையில், சூடேறிய பிரேக் பிடிக்காமல் நாங்கள் குலதெய்வத்தை அழைத்ததை உன் அம்மா உனக்குச் சொல்லியிருக்க மாட்டாள். முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் வேண்டும் என்று கடைசிவரை அவர் சொல்லிக்கொண்டிருந்தார். தாராளமாகப் போடு. கழற்றிய டிரம்களுக்கு எண்ணெய் தடவி, பெட்டியில் பத்திரப்படுத்தி வை.

இனி ஆசைப்பட்டுச் செய்தவற்றுக்கு வருகிறேன். இரண்டு கார்புரேட்டர்களைத் தாங்கி நிற்கும் அந்த அலுமினியக் குழாய் அமைப்பை நீ ஏதோ கடையில் வாங்கியதென்று நினைத்திருக்கிறாய். அது பீளமேட்டில் பம்ப் செட் வார்க்கும் ஃபவுண்டரி ஒன்றில், ஞாயிற்றுக்கிழமைகளில் வார்த்தது. பேட்டர்னைத் தேக்கில் செதுக்கியவன் நான். நான்கு முறை வார்ப்பில் துளை விழுந்து வீணாயிற்று; ஐந்தாவது முறை மணலை உடைத்துப் பார்த்துவிட்டு மச்சான் ஒரு வார்த்தையும் பேசாமல் வெளியே போய் எல்லோருக்கும் டீ வாங்கி வந்தார். புதிய எஞ்சின் வந்தால் இதற்கு இடமேது? அதுமட்டுமல்ல, ஃபியட்டுக்குத் தனி அடிச்சட்டம் கிடையாது, உடலே அடிச்சட்டம். வேறு எஞ்சினை உட்கார வைக்க அந்த உடலை வெட்ட வேண்டிவரும். ஸ்பேனரால் செய்த காரியத்தை ஸ்பேனராலேயே திருத்திக்கொள்ளலாம். வெட்டிய தகடு வெட்டியதுதான். பெங்களூருக்கு வாராவாரம் சுகமாகப் போய்வர வேண்டுமென்றால் அதற்கென்று ஒரு கார் வாங்கிக்கொள். இதனிடம் அந்த வேலையைக் கேட்பது நியாயமல்ல. குளிர்சாதனமும் வேண்டாம். இருக்கும் கொஞ்ச சக்தியில் பங்கு கேட்கும் விருந்தாளி அது. வர்ணம் உன் இஷ்டம்.

கிளச் பெடலின் மேல் திருகியிருக்கும் மரக்கட்டையை 'அவலட்சணம்' என்று எழுதியிருந்தாய். அது பந்தயத்துக்காக வைத்ததல்ல. உன் அம்மாவுக்குக் கால் எட்டாது. பந்தய மோகம் தெளிந்த பிறகு, அவளே ஓட்டட்டும் என்று அவர் அதைப் பொருத்தினார். பொள்ளாச்சிச் சாலையில் என் அக்கா அந்த வண்டியை ஓட்டிப்போனதை ஊரே நின்று பார்த்தது. உன் கால் நீளம் என்பதை அறிவேன். இருக்கையைப் பின்னுக்குத் தள்ளிக்கொள்.

உன் அக்காவுக்கும் ஒரு வார்த்தை. ஐம்பது வருஷத்துக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு 'வி.ஏ.' என்ற எழுத்துக்களோடு விசேஷப் பதிவு கொடுப்பதாக 2021-இல் மத்திய சர்க்கார் விதி செய்திருப்பதையும், உடலோ எஞ்சினோ மாற்றப்பட்ட வண்டிக்கு அது இல்லை என்பதையும் அவள் சுட்டிக்காட்டுகிறாள், உண்மைதான். அந்த நம்பர் பலகைக்காக அப்பாவின் வேலையை அழிப்பதா என்பதே என் கேள்வி. அமெரிக்காவில் ஹிரோஹாட்டா என்பவருக்காக 1952-இல் பாரிஸ் சகோதரர் பட்டறையில் உருமாற்றிய மெர்குரி கார் ஒன்று உண்டு. பிற்பாடு 500 டாலருக்கு அதை வாங்கிய ஓர் இளைஞர், பல காலம் கழித்து அதைப் புதுப்பித்தபோது தொழிற்சாலை உருவத்துக்குத் திருப்பவில்லை. பாரிஸ் பட்டறையிலிருந்து வந்த உருவத்துக்கே திருப்பினார். அத்தகைய வண்டிக்கு மூலம் என்பது அதை மாற்றியவரின் கைதான்.

சர்க்கார் விஷயத்தில் மட்டும் அசட்டையாக இராதே. சொந்தக்காரர் காலமானால் முப்பது நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவித்து, மூன்று மாதத்துக்குள் 31-ஆம் எண் படிவத்தில் பெயர் மாற்றம் கேட்க வேண்டும். நீ இன்னும் செய்யவில்லை என்று ஊகிக்கிறேன். அக்காவின் சம்மதக் கையெழுத்தையும் வாங்கிக்கொள். வண்டி உன் கொட்டகையில் நிற்பதால் மட்டும் அது உன்னுடையதாகிவிடாது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் ஒரே வண்டியில், அந்த வண்டியிலேயே, இங்கே வாருங்கள். சூடேறினால் வழியில் நிறுத்தித் தண்ணீர் ஊற்றிக்கொள்ளுங்கள். நான் செதுக்கிய பேட்டர்ன் என் வீட்டுப் பரணில், கோணியில் சுற்றி வைத்தபடியே இருக்கிறது. எனக்கு இப்போது ஏணி ஏற முடியாது. நீதான் ஏறி எடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் மாமன்