காலை வெளிச்சமும் சலரோகமும்



“சலரோகம் எண்டு சொல்லேல்லை சுவாமி, எல்லையிலைதான் நிக்குதாம்.” எங்கள் பங்குகளில் இப்பேச்சு இப்போது அடிக்கடி காதில் விழுகிறது. சொல்பவர் முகத்தில் ஒரு நிம்மதியும் தெரியும். அந்த நிம்மதிதான் ஆபத்தானது.

இரவு முழுதும் உண்ணாதிருந்து காலையில் சோதிக்கும் இரத்தத்தில் சீனி, ஒரு டெசிலீற்றருக்கு 100 முதல் 125 மில்லிகிராம் வரை இருப்பின் அது எல்லைநிலை. 126 ஐத் தொட்டால், மறுமுறை சோதித்தும் அப்படியே நின்றால், சலரோகம். எல்லையில் நிற்பவருக்கு நோவில்லை, தாகமில்லை. ஆகவே கவனிப்புமில்லை.

2005-2006 இல் இலங்கையில் நடந்த பெரிய கணிப்பில், இருபது வயதைக் கடந்தோரில் நூற்றுக்குப் பத்துப் பேர்வரை சலரோகிகள், இன்னும் பதினொரு பேரளவில் எல்லைநிலையினர் எனக் கண்டனர். சலரோகிகளில் மூன்றிலொரு பங்குக்கு மேற்பட்டோர் தம் நோயை அறியாமலே இருந்தனர். அக்கணிப்பு ஏழு மாகாணங்களில்தான் நடந்தது. யுத்தத்தினால் வடக்கும் கிழக்கும் விடுபட்டுப்போயின. வன்னி மக்களின் இரத்தம் அந்தக் கணக்கில் இல்லை.

இனி வெளிச்சத்துக்கு வருவோம். எம் மூளையில், கண் நரம்புகள் ஒன்றையொன்று கடக்கும் இடத்துக்குச் சற்று மேலே, ஒரு சிறு மணிக்கூடு உண்டு. உடலின் இம்மணிக்கூடு இயங்கும் விதத்தைக் கண்ட மூவருக்கு 2017 இல் நோபல் பரிசு கிடைத்தது. அதற்குச் சாவி கொடுப்பது கண்ணில் விழும் வெளிச்சம். ஈரலும் கணையமும் அதன் நேரத்தையே பின்பற்றுகின்றன. இருட்டியபின் இன்சுலினின் வேலை மந்தமாகும். மத்தியானம் உண்ட அதே சோற்றை இரவு பத்து மணிக்கு உண்டால் சீனி கூடுதலாக ஏறுவது இதனாலேயே.

விடியுமுன் வயலுக்குப் போய், அரிக்கன் லாம்பை அணைத்துவிட்டு நேரத்தோடு படுத்த கமக்காரனுக்கு இம்மணிக்கூடு பிழைக்கவில்லை. இன்று கடையிலும் கந்தோரிலும் பகலைக் கழித்து, நள்ளிரவில் கைத்தொலைபேசியைப் பார்த்திருப்பவருக்கு அது தடுமாறுகிறது. 2022 இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வில், வெளிச்சமுள்ள அறையில் ஒரே ஓர் இரவு உறங்கிய இளையோருக்கும் மறுநாட்காலை இன்சுலின் சரிவர வேலை செய்யவில்லை. நெதர்லாந்தின் மாஸ்திரிக்ட் நகரில் சலரோகிகள் 13 பேரைச் சில நாட்கள் யன்னலோரப் பகல் வெளிச்சத்தில் இருத்தினர். மின்விளக்கின் கீழ் இருந்த நாட்களைவிட, அப்போது அவர்களின் சீனி கூடிய நேரம் சரியான அளவில் நின்றது. இவை சிறு ஆய்வுகள். வெயிலில் நின்றால் சலரோகம் வராது என்று யாரும் சொன்னால் நம்பவேண்டாம்.

உறுதியான சான்று நடைக்கே உண்டு. சென்னையில் வைத்தியர் அ. ராமச்சந்திரன் குழுவினர் எல்லைநிலையினர் 531 பேரை மூன்று ஆண்டுகள் கவனித்து 2006 இல் முடிவை வெளியிட்டனர். வழமையான அறிவுரையோடு விடப்பட்டோரில் நூற்றுக்கு 55 பேர் சலரோகிகளாயினர். நாளுக்கு அரைமணி நேரமாவது நடந்து உணவையும் கட்டுப்படுத்தச் சொல்லப்பட்டோரில் 39 பேரே. எம்மைப் போலச் சோறுண்ணும் மக்களிடையே கிடைத்த கணக்கு இது.

ஆகவே அந்த அரைமணி நேர நடையைக் காலையில், திறந்த வெளியில் வைத்துக்கொள்ளுங்கள். மேகம் மூடிய காலையிலும் வெளி வெளிச்சம் வீட்டு விளக்கைவிடப் பலமடங்கு. சூரியனை நேரே பார்க்கவேண்டாம், சுற்றியுள்ள வெளிச்சமே போதும். குளக்கட்டிலோ வயல் வரம்பிலோ செபமாலை சொல்லியபடி நடக்கலாம். ஐந்து பத்துமணிகளும் முடிய நடையும் பெரும்பாலும் முடிந்துவிடும். இரவுணவை முந்திக்கொள்ளுங்கள், படுக்கையறையை இருட்டாக்குங்கள். வைத்தியர் தந்த குளிசைகளை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

பெற்றோருக்குச் சலரோகம் இருந்தவர்களும், வயிறு பருத்தவர்களும், கர்ப்பகாலத்தில் சீனி ஏறிய தாய்மாரும் இந்த மாதமே அரச வைத்தியசாலைக்குப் போய் இரத்தத்தைச் சோதித்துக்கொள்ளுங்கள். முதல்நாள் இராச் சாப்பாட்டின் பின் தண்ணீர் மட்டும் குடிக்கலாம். நள்ளிரவு முதல் ஒன்றும் உண்ணாமல் நற்கருணை வாங்கிய எம் மூத்தோருக்கு இது புதிதல்ல.