டிராம்போன்காரர் எழுதிய காதல் பாட்டு



கிதார்காரர் டெர்ரி காத் இறந்ததோடு சிகாகோ என்ற அமெரிக்க ராக் கோஷ்டியின் ஜீவன் போய்விட்டதென்றும், பிறகு எஞ்சியதெல்லாம் பாடகர் பீட்டர் செட்டெராவின் வெல்லப்பாகுக் காதல் பாட்டுகள் என்றும் உன் நண்பரான பழைய ரசிகர் ஒருவர் சொன்னதை வேதவாக்காகக் கொண்டு, மெய்தானா என்று கேட்டிருக்கிறாய். இந்தப் பல்லவியைக் கேட்டுக் கேட்டுச் சலித்தவன் நான். சற்றுக் கடுமையாக எழுதினால் பொறுத்துக்கொள்.

1978 ஜனவரியில் கைத்துப்பாக்கி தவறுதலாக வெடித்து அந்த கிதார் மேதை மாண்டது பேரிழப்பு என்பதில் எவருக்கும் ஆட்சேபமில்லை. ஆனால் செட்டெரா பாடிய 'இஃப் யூ லீவ் மீ நவ்' 1976 ஆம் ஆண்டிலேயே, காத் உயிரோடு இருக்கையிலேயே, அமெரிக்காவில் முதலிடம் பெற்றுவிட்டதே! அதற்கும் முன்னே போ. 1970 இல் வந்த இரண்டாவது ஆல்பத்தில், கோஷ்டியின் டிராம்போன்காரர் ஜேம்ஸ் பாங்கோ இயற்றிய 'பாலே ஃபார் எ கேர்ள் இன் பக்கன்னன்' என்ற ஏழு அங்கங்கள் கொண்ட தொடரில், டிரம்பெட்டும் டிராம்போனும் சாக்ஸஃபோனும் ஆடித் தீர்த்த ஆரவாரமெல்லாம் ஓய்ந்த ஓரிடத்தில், ராபர்ட் லாமின் பியானோ ஒரே சீராக ஏறி இறங்கிக்கொண்டிருக்க, சில வரிகள் மட்டும் பாடப்பெற்று, மிச்ச நேரமெல்லாம் வால்டர் பாரசைடரின் புல்லாங்குழலுக்கே விடப்படுகிறது. அதுதான் 'கலர் மை வேர்ல்ட்': பள்ளி நடன விருந்துகளிலும் கல்யாணங்களிலும் ஒரு தலைமுறை அமெரிக்கர்கள் கைகோத்து ஆடிய பாட்டு. அந்த மதுரத்தை எழுதியவர் டிராம்போன்காரர். பாடியவரோ, மதுரத்துக்கே விரோதி என்று இன்று பழைய ரசிகர்கள் பூஜிக்கும் அதே டெர்ரி காத்!

ரசிகர்களின் பிரியம் மாறியதற்கு வானொலியின் கத்தரிக்கோலே பிரதான காரணம் என்பது என் சித்தாந்தம். அந்தத் தொடரின் முதல் அங்கத்தையும் கடைசி அங்கத்தையும் ஒட்டித்தான் 'மேக் மீ ஸ்மைல்' தனித்தட்டாக வந்தது. 1982 இல் டேவிட் ஃபாஸ்டர் தயாரித்த 'ஹார்ட் டு சே ஐம் சாரி' பாட்டின் ஆல்பம் வடிவில், அது முடியும் தறுவாயில் 'கெட் அவே' என்ற பகுதி பிறந்து, ஊது கருவிகள் மூன்றும் சேர்ந்து முழங்குகின்றன. பல வானொலி நிலையங்கள் அதற்குள் ஒலியைக் குறைத்து நிறுத்திவிட்டன. புது ரசிகர்களுக்கு அந்தக் கோஷ்டியில் ஊதுவோர் உண்டென்பதே தெரியாமற்போயிற்று; பழைய ரசிகர்களுக்கோ முடிவுவரை கேட்கப் பொறுமையில்லை. ஃபாஸ்டர் காலத்தில் சிந்தசைசருக்குப் பின்னே ஊதுவோர் ஒதுக்கப்பட்டார்கள் என்ற அவர்களுடைய புகார் நியாயமானதே. அதை நான் மறுக்கவில்லை.

டிரம்மர் டேனி செரஃபின் எழுதிய தன்சரிதத்தை வாசித்துக்கொண்டிருக்கிறேன்.  நூலின் பெயர் 'ஸ்ட்ரீட் பிளேயர்'. அதே பெயரில் அவரும் சேர்ந்து எழுதிய பாட்டு 1979 இல் வந்தபோது, டிஸ்கோ மோகத்துக்குச் சரணாகதி என்று விசுவாசிகள் முகம் சுளித்தார்கள். 1995 இல் அதன் ஊது பகுதியை எடுத்து பக்கெட்ஹெட்ஸ் 'தி பாம்' என்ற நடன இசையாக்க, சிகாகோவின் பெயரையே அறியாத இளைஞர்களும் அதற்கு ஆடினார்கள். விசுவாசிகள் உதறியதை அந்நியர்கள் கொண்டாடினார்கள். இதற்கு என்ன சமாதானம் சொல்வார் உன் நண்பர்?

பிறர் அபிப்பிராயத்தை இரவல் வாங்காதே. அந்த 1970 ஆம் ஆண்டு ஆல்பத்தின் இரண்டாம் பக்கத்தை நடுவில் எழுந்து போகாமல் கேட்டுவிட்டு, பிறகு எனக்கு எழுது.