மிஷின் கெடவில்லை, பெட்ரோல்தான் கெட்டது



சேமிப்பு, உள்கடன், தீர்மான நோட்டு என்று வழக்கமாக எழுதும் இந்தப் பாடப் பக்கத்தில் இந்த முறை பெட்ரோலைப் பற்றி எழுதுகிறோம். "பெட்ரோல் ஊத்துறதுல என்னக்கா பாடம் இருக்கு?" என்று கேட்காதீர்கள். நம் கூட்டமைப்பில் ஒரு குழுவே இரண்டாக உடைய இருந்தது இந்தப் பெட்ரோலால்தான்.

நடந்ததைச் சொல்கிறோம். மானாவாரி ஊர் ஒன்றில் உள்ள நம் குழு, வங்கிக் கடனில் களையெடுக்கும் மிஷின் வாங்கி மணிக்கணக்கில் வாடகைக்கு விடுகிறது. பவர் வீடர் என்பார்களே, அதுதான். கார்த்திகையோடு வேலை முடிந்தது. மிஷினைச் சாக்கு போட்டு மூடி ஊக்குநர் வீட்டுத் தாழ்வாரத்தில் நிறுத்திவிட்டார்கள். அடுத்த ஐப்பசியில் மக்காச்சோளக் காட்டில் களை தலைகாட்டியதும் சாக்கை எடுத்துவிட்டுக் கயிற்றை இழுத்தார்கள். ஸ்டார்ட் ஆகவில்லை. நாலு பேர் மாற்றி மாற்றி இழுத்ததில் தோள்பட்டை வலிதான் மிச்சம்.

உடனே பேச்சு எங்கே போனது தெரியுமா? "கடைசியா யாரு காட்டுக்குப் போச்சு?" அந்த அக்காவைக் கூட்டத்தில் நிற்க வைத்துக் கேட்டார்கள். ரிப்பேர் செலவை அவரே கட்ட வேண்டும் என்று தீர்மானமும் எழுதிவிட்டார்கள். "ஓடுற மிஷினைத்தான் கொண்டாந்து விட்டேன்" என்று அவர் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. அடுத்த இரண்டு கூட்டத்துக்கு அவர் வரவில்லை. சேமிப்புப் பணத்தை மகளிடம் கொடுத்தனுப்பினார்.

மெக்கானிக் வந்து கார்பரேட்டரைக் கழற்றினார. உள்ளே அடியில் வேப்பம்பிசின் மாதிரி பழுப்பாக ஒட்டிக் கிடந்தது. "இது எப்பப் போட்ட பெட்ரோலும்மா?" என்று கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. கணக்குப் பார்த்தால் பத்துப் பதினோரு மாதம். யார் கை பட்டும் மிஷின் கெடவில்லை. நின்ற இடத்திலேயே பெட்ரோல் கெட்டிருக்கிறது. தீர்மானத்தை ரத்து செய்து, அந்த அக்கா வீட்டுக்கே போய்ச் சொல்லிவிட்டு வந்தார்கள். ரிப்பேர் செலவு பெரிதில்லை. களை நேரத்தில் போன எட்டு நாள் வாடகைதான் பெரிது. கடன் தவணை அதை நம்பித்தானே இருக்கிறது!

இதில் எங்கள் பங்கும் உண்டு. மிஷின் வந்த புதிதில் ஓட்டுவதற்கு நாள் முழுக்கப் பயிற்சி வைத்தோம். நிறுத்தி வைப்பது எப்படி என்று சொல்லப் பத்து நிமிஷம் ஒதுக்கவில்லை. விட்டுப்போன அந்தப் பத்து நிமிஷத்தைத்தான் இப்போது எழுதுகிறோம்.

பெட்ரோல் எப்படிக் கெடுகிறது?

பருப்பில் வண்டு விழுந்தால் கண்ணுக்குத் தெரிகிறது. பெட்ரோல் கெட்டால் அப்படித் தெரிவதில்லை. பெட்ரோல் ஒரே பொருள் இல்லை, பல எண்ணெய்களின் கலவை. அதில் லேசானவை முதலில் ஆவியாகிப் பறந்துவிடும். கயிற்றை இழுத்ததும் சட்டென்று பற்றிக்கொள்வது அந்த லேசான பகுதிதான். அது போனபின் மிஞ்சுவது காற்றோடு சேர்ந்து நாளாவட்டத்தில் பிசினாகிறது. கார்பரேட்டரில் பெட்ரோல் போகும் துவாரமோ ஊசி முனை அளவுதான். கொஞ்சம் பிசின் ஒட்டினாலும் அடைத்துக்கொள்ளும்.

இன்னொன்றும் இருக்கிறது. இப்போது பங்கில் வாங்குவது பழைய பெட்ரோல் இல்லை. எத்தனால் என்ற ஆல்கஹாலைக் கலந்து விற்கிறார்கள். நாட்டில் இந்தக் கலப்பு 2025-ல் 20 சதவீதத்தை எட்டியது. அதாவது லிட்டருக்கு 200 மில்லி. (நாம் களையெடுக்கும் மக்காச்சோளத்தில் இருந்தும் இந்த எத்தனாலை எடுக்கிறார்கள், அது வேறு கதை.) மழைக்காலத்தில் திறந்து வைத்த உப்பு ஜாடி நீர்விடுகிறதல்லவா? அதேபோல எத்தனாலும் காற்றில் இருக்கும் ஈரத்தை இழுக்கும். ஓரளவு தண்ணீர் பெட்ரோலோடு கலந்தே இருக்கும். அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து டேங்கின் அடியில் தங்கிவிடும். மிஷின் உறிஞ்சுவது அடியில் இருந்துதான். பிறகு எப்படி ஸ்டார்ட் ஆகும்? கார்பரேட்டர் உள்ளே வெள்ளைப் பொடி பூத்து அரிப்பதும், பழைய ரப்பர் டியூப் கொழகொழவென்று ஆவதும் இதனால் வரலாம்.

தோளில் மாட்டும் புல்வெட்டும் மிஷின் வைத்திருக்கும் குழுக்கள் இதை இரண்டு தரம் படியுங்கள். அவை பெரும்பாலும் டூ-ஸ்ட்ரோக். பெட்ரோலிலேயே ஆயிலைக் கலந்து ஊற்றுகிறோம். மேலே சொன்னபடி தண்ணீர் பிரிந்தால், ஆயில் மேலே பெட்ரோலோடு நின்றுவிடும். அடியில் உள்ளதில் ஆயில் இருக்காது. அது எஞ்சினுக்குள் போனால் வழுவழுப்பே இல்லாமல் ஓடி பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். கார்பரேட்டர் அடைத்தால் கழுவிவிடலாம். பிஸ்டன் பிடித்தால் செலவு வேறு!

கலக்கும் அளவு மிஷினோடு வரும் புத்தகத்தில் இருக்கும். 25-க்கு 1 என்றால் லிட்டருக்கு 40 மில்லி ஆயில், 50-க்கு 1 என்றால் 20 மில்லி. "கண்ணளவுதான் கணக்கு" என்பது குழம்புக்குச் சரி, இதற்குச் சரியில்லை. மருந்து பாட்டில் மூடியோ ஊசிக்குழலோ வைத்து அளந்து ஊற்றுங்கள். ஃபோர்-ஸ்ட்ரோக் மிஷினில் ஆயிலுக்குத் தனி இடம் உண்டு, பெட்ரோலில் கலக்கவே கூடாது. டீசல் மிஷினுக்கு இந்தப் பாடம் பொருந்தாது, அதைத் தனியாக எழுதுவோம்.

வாங்குவதும் வைப்பதும்

"பங்கு தூரம், ஒரே தடவையா பத்து லிட்டர் வாங்கி வச்சிருவோம்" என்று நினைப்பது இயற்கை. வேண்டாம். இரண்டு வார வேலைக்கு எவ்வளவோ அவ்வளவு மட்டும் வாங்குங்கள். எப்படிப் பார்த்தாலும் ஒரு மாதத்துக்கு மேல் வைக்காதீர்கள். ஆயில் கலந்ததை அன்றன்றைக்குத் தேவையான அளவே கலப்பது நல்லது. கேனில் வாங்கிய தேதியைப் பெயிண்டிலோ, ஒட்டிய காகிதத்திலோ எழுதுங்கள்.

தண்ணீர் பாட்டிலில் பெட்ரோல் வைப்பதை இன்றோடு நிறுத்துங்கள். தாகத்தில் பிள்ளைகள் எடுத்துக் குடித்துவிடுவார்கள். 1934-ஆம் ஆண்டின் பெட்ரோலியச் சட்டப்படி, விற்பனைக்கு அல்லாமல் 30 லிட்டர் வரை லைசென்ஸ் இல்லாமல் வைத்திருக்கலாம். ஆனால் இறுக மூடிய கண்ணாடி, பீங்கான் அல்லது உலோகப் பாத்திரத்தில்தான் வைக்க வேண்டும். கண்ணாடி, பீங்கான் என்றால் ஒரு லிட்டருக்கு மேலும், உலோகம் என்றால் 25 லிட்டருக்கு மேலும் பிடிக்கக் கூடாது. பிளாஸ்டிக் பாட்டில் அந்த வரிசையிலேயே இல்லை. நமக்கு 5 லிட்டர் உலோகக் கேன் ஒன்று போதும். அதை நிழலில், அடுப்பும் சாமி விளக்கும் இல்லாத இடத்தில் வையுங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு தவழ்ந்து தூரத்து நெருப்பையும் போய்த் தொடும்.

வேலை முடிந்து நிறுத்தும்போது

மிஷின் ஆறியபின், திறந்த வெளியில், பக்கத்தில் பீடி, அடுப்பு எதுவும் இல்லாமல் டேங்கில் உள்ளதைக் கேனுக்கு மாற்றுங்கள். வாயில் டியூப் வைத்து உறிஞ்ச வேண்டாம். "எங்க வீட்டுக்காரரு அப்படித்தான் எடுப்பாரு" என்று சொல்வீர்கள், தெரியும். பெட்ரோல் மூச்சுக்குழலில் புகுந்தால் நுரையீரல் புண்ணாகிவிடும். யாராவது தவறி விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

டேங்க் காலியானதும் மிஷினை ஸ்டார்ட் செய்து, தானாக நிற்கும்வரை ஓட விடுங்கள். பிறகு சோக் போட்டு இன்னும் இரண்டு தரம் இழுங்கள். கார்பரேட்டரில் தங்கியதும் தீரவேண்டும், பிசின் பிடிப்பது அங்கேதான். பிளக்கைக் கழற்றி ஒரு டீஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு, கயிற்றை மெதுவாக மூன்று நாலு தரம் இழுத்து, பிளக்கைத் திரும்ப மாட்டுங்கள். உள்ளே துருப் பிடிக்காது. சீசன் நடுவே நாலு நாள் இடைவெளி என்றால் இவ்வளவும் வேண்டாம். பெட்ரோல் டேப்பை மூடிவிட்டு, ஓடி நிற்க விட்டால் போதும்.

அந்தக் குழுவில் இப்போது மிஷினுக்கென்று தனி நோட்டு இருக்கிறது. எடுத்த நாள், விட்ட நாள், ஓடிய மணி, பெட்ரோல் வாங்கிய தேதி, டேங்க் காலி செய்த தேதி, கையெழுத்து. நோட்டை எழுதுவது அதே அக்காதான். முதலில் "எனக்கு வேண்டாம்" என்றுதான் சொன்னாராம்.

உங்கள் மிஷினில் போன சீசன் பெட்ரோல் இருக்கிறதா? மூடியைத் திறந்து மோந்து பாருங்கள். புதுப் பெட்ரோலின் சுருக்கென்ற வாடை இல்லாமல் புளித்த மாதிரி, பழைய வார்னிஷ் மாதிரி வந்தால் கயிற்றை இழுக்க வேண்டாம், அப்படியே இறக்கிவிடுங்கள். அதைச் சாக்கடையிலோ கிணற்றடியிலோ ஊற்றாதீர்கள். குப்பை கொளுத்தவும் வேண்டாம், குப்பென்று முகத்தில் அடிக்கும். மெக்கானிக்கிடம் கேட்டுப் பாருங்கள், பாகம் கழுவ வாங்கிக்கொள்வார். மாதம் ஆகாத சுத்தப் பெட்ரோல் மிஞ்சினால் வீட்டு வண்டிக்கு ஊற்றிக்கொள்ளலாம், அதன் பணத்தைக் குழுக் கணக்கில் வரவு வைத்துவிடுங்கள். ஆயில் கலந்ததை மட்டும் பைக்கில் ஊற்றாதீர்கள்.