மின்பகுளியை முதலில் முடிவு செய்

அன்புத் தங்கைக்கு,

சூப்பர்கெபாசிட்டர் ஆய்வுக்குப் புதிதாக வருகிறவர்கள் கரியில்தான் மனத்தைப் பறிகொடுக்கிறார்கள். சிரட்டைக் கரி, கிராபீன் என்று மாதக்கணக்கில் உழைப்பார்கள். மின்பகுளி என்று வரும்போது, அலமாரியில் எந்தப் புட்டி இருக்கிறதோ அதுவே போதும் என்று விட்டுவிடுவார்கள். நீ அப்படிச் செய்யாதே. கலம் எத்தனை வோல்ட் தாங்கும், எந்தக் குளிரில் உறையும், தீப்பற்றுமா, எந்த உலோகத்தை அரிக்கும் என்பதெல்லாம் பெரும்பாலும் அந்தத் திரவத்தின் கையில்தான் இருக்கிறது.

ஆற்றல் மின்னழுத்தத்தின் இருமடியாக உயரும் என்பது உனக்குத் தெரியும். 1 வோல்ட்டில் இயங்கும் கலத்தை 2.7 வோல்ட்டுக்குக் கொண்டுபோனால் ஏழு மடங்கு என்று கணக்கு சொல்லும். ஆனால் கந்தக அமிலத்தில் கிராமுக்கு 200 ஃபாரடு காட்டும் கரி, 2.7 வோல்ட் தாங்கும் அசிட்டோநைட்ரைல் கரைசலில் 100ஐ ஒட்டித்தான் நிற்கும். ஏழு மூன்றரை ஆகிவிடும். அந்தக் கரைசலின் கடத்துதிறனோ அடர் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் இருப்பதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. அசிட்டோநைட்ரைல் 82 டிகிரியில் கொதிக்கும், எளிதில் தீப்பற்றும். புரொப்பிலீன் கார்பனேட் 242 டிகிரி வரை தாங்கும், ஆனால் கடத்துதிறன் இன்னும் நான்கில் ஒரு பங்காக இறங்கும். அயனித் திரவங்கள் 3.5 வோல்ட் வரை போகும். அறை வெப்பநிலையில் பாகுபோல் நகர்வதால், சூடான இடத்தில் மெதுவாக வேலை செய்யும் கலத்துக்கே அவை பொருத்தம். ஆகவே கலம் எங்கே, எவ்வளவு வேகத்தில் உழைக்கப் போகிறது என்பதை முதலில் கேள்.

சோடியம் சல்பேட்டை எளிதாக எண்ணிவிடாதே. தண்ணீர் 1.23 வோல்ட்டில் பிரியும் என்று பாடப்புத்தகம் சொல்கிறது. ஆனால் இரு பக்கமும் கரி வைத்த கலம் இந்த நடுநிலைக் கரைசலில் 1.6 வோல்ட் வரை நிலையாக ஓடும். எதிர்மின்முனையில் ஹைட்ரஜன் உண்டாகத் தொடங்கியதும் துளைகளுக்குள் காரத்தன்மை ஏறுகிறது. அதனால் ஹைட்ரஜன் குமிழியாக வெளியேற இன்னும் தாழ்ந்த மின்னழுத்தம் தேவைப்படுகிறது. உண்டானதில் ஒரு பகுதி கரியிலேயே ஒட்டிக்கொள்கிறது. சிக்கல் பெரும்பாலும் நேர்மின்முனையில்தான். அங்கே கரி ஆக்சிஜனேற்றமடையும், துளைகள் அடைபடும், மின்தடை ஏறும். கலத்தின் மொத்த மின்னழுத்தம் இதைக் காட்டிக்கொடுக்காது. உள்ளே ஓர் ஒப்பீட்டு மின்முனையை வைத்து, எந்தப் பக்கம் எல்லை தாண்டுகிறது என்று பார். நேர்மின்முனை தாண்டினால் அந்தப் பக்கத்தில் கரியைக் கொஞ்சம் கூட்டு. அந்த மின்முனையின் மின்னழுத்த ஏற்ற இறக்கம் சுருங்கும்.

மின்னோட்டத்தைத் திரட்டும் உலோகத்தையும் மின்பகுளியோடு சேர்த்தே முடிவு செய். நிக்கல் நுரை காரத்தில் நிற்கும், அமிலத்தில் கரையும். காரத்திலும் அதன் மேற்பரப்பு ஹைட்ராக்சைடாகி, தானே வினைபுரிந்து முகடுகள் காட்டும். அவற்றை உன் பொருளின் திறனாக எழுதிவிடாமல் இருக்க, வெறும் நிக்கல் நுரையைத் தனியே அளந்து வை. அலுமினியம் கரிமக் கரைசலுக்கு ஏற்றது. காரம் அதைத் தின்றுவிடும். கரிமக் கரைசலில் ஈரம்தான் பெரிய எதிரி. கரித் துளைகள் காற்றிலிருந்து தண்ணீரை உறிஞ்சி வைத்திருக்கும். மின்முனைகளை இரவு முழுவதும் வெற்றிட அடுப்பில் 120 டிகிரியில் உலர்த்தி, வெளிக்காற்று படாமல் கையுறைப் பெட்டிக்குள் கொண்டுபோ.

அயனிக்கும் துளைக்கும் உள்ள பொருத்தம் தனியாகவே ஓர் ஆய்வு. 1 நானோமீட்டருக்கும் குறைந்த துளைகளில் அயனிகள் கரைப்பான் உறையைக் களைந்துகொண்டு நுழைகின்றன, தேக்குதிறன் கூடுகிறது என்று சிமியோலா, கொகோட்சி, சிமோன் குழுவினர் 2006இல் காட்டினார்கள். உன் கரியின் துளை அளவு தெரியாமல் மின்பகுளிக்கான உப்பைத் தேர்ந்தெடுக்காதே.

இறுதியாக, வோல்ட் எல்லையைச் சுழல் வோல்ட்டா வரைபடத்தை மட்டும் பார்த்து அறிவிக்காதே. வேகமாக ஓட்டிய 10,000 சுற்றுகளும் போதாது. அப்போது கலம் உச்ச மின்னழுத்தத்தில் நொடிப்பொழுதுதான் நிற்கிறது. அதை அந்த வோல்ட்டிலேயே 100 மணி நேரம் பிடித்து வை. பத்து மணி நேரத்துக்கு ஒருமுறை தேக்குதிறனையும் மின்தடையையும் அளந்துகொள். தேக்குதிறன் 20 விழுக்காடு குறைந்தாலோ மின்தடை இரட்டித்தாலோ, அந்த வோல்ட் உன் கலத்துக்கு உரியதல்ல. 0.1 வோல்ட் இறக்கிப் புதுக் கலத்தில் மறுபடி தொடங்கு. கட்டுரையில் வோல்ட் எண்ணை எழுதும்போது, கலம் அங்கே எத்தனை மணி நேரம் நின்றது என்பதையும் பக்கத்திலேயே எழுது.

அன்புடன்,
உன் மூத்த சக ஆய்வாளர்