பரோவியா யாருடைய ஊர்?

கேள்வி: 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டில் வரும் பரோவியா, டிராகுலா கதையின் ட்ரான்சில்வேனியாவைக் காப்பியடித்ததுதானே?

பதில்: மேல்பூச்சு அங்கிருந்து வந்ததுதான். மலைக்கோட்டை, ஓநாய்கள், ரத்தக்காட்டேரியாகிவிட்ட பிரபு, இருட்டினால் கதவடைக்கும் கிராமம் எல்லாமே 1897-இல் பிராம் ஸ்டோக்கர் எழுதிய நாவலில் உண்டு. ஆனால் பரோவியாவை விசித்திரமாக்குவது இவை அல்ல, எல்லையைச் சூழ்ந்து நிற்கும் மூடுபனி. அது பிறந்தது விளையாட்டு மேசையில். நாவலைப் படிக்கிறவர் கதாசிரியர் போகிற வழியில்தான் போயாக வேண்டும். பகடையோடு உட்கார்ந்திருக்கும் நாலைந்து பேருக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. 'ஊர் சரியில்லை, கிளம்பலாம்' என்று அவர்கள் எழுந்தால் கதை அதோடு சரி. 1983-இல் ட்ரேசி ஹிக்மனும் அவர் மனைவி லாராவும் எழுதி வெளியான 'ரேவன்லாஃப்ட்' என்ற சாகசத் தொகுதி இதற்கு ஒரு வழி செய்தது. உள்ளே இருக்கும்வரை அந்தப் பனி ஒன்றும் செய்யாது. சுவாசித்தவர் எல்லையைத் தாண்டினால் விஷமாகிவிடும். கோட்டையில் எந்த ஆயுதம் எங்கே கிடக்கிறது, பரோவியாவின் பிரபு ஸ்ட்ராட் இம்முறை எதை நாடுகிறான் என்பதையெல்லாம் குறிகாரி மேடம் ஈவா எடுக்கும் சீட்டுகள் தீர்மானிக்கும். அதனால் ஒரே கதையை மறுபடியும் ஆடலாம். அச்சில் ஏறிய நாவலுக்கு இந்த வசதி ஏது?

டிராகுலாவின் கோட்டையிலும் நாவலில் வரும் வழக்கறிஞன் ஹார்க்கர் சிறைப்பட்டானே என்று கேட்கலாம். பட்டான், ஆனால் அங்கே பிரபு லண்டனில் வீடு வாங்கிக் கப்பலேறிவிடுகிறான். தம்பியின் மணப்பெண்மேல் ஆசைப்பட்டு, திருமண நாளில் தம்பியையே கொன்ற ஸ்ட்ராடுக்குப் போக வேறு ஊரே இல்லை. '1983-இல் பனி அவன் சொல்கேட்டதே, அவனும் கைதி என்பது பிறகு ஒட்டவைத்ததல்லவா?' என்பது இதைவிட வலுவான மறுப்பு. உண்மைதான், அது 1990-இல் புரூஸ் நெஸ்மித், ஆண்ட்ரியா ஹேடே உருவாக்கிய பெட்டித் தொகுப்பில் வந்தது. ஆட வந்தவர்களைப் பூட்டிய பனி ஆள்பவனையும் பூட்டியது. அதே அச்சில், ஆளுக்கொரு கைதிப் பிரபுவோடு வேறு நாடுகளும் முளைத்தன. ஒரு கிராமமும் கோட்டையுமாக இருந்தது தனி உலகமாக விரிந்தது அந்தப் பூட்டினால்தான். ஓநாய்களை மட்டும் வைத்துக்கொண்டு இதைச் செய்திருக்க முடியாது.

நாவலின் வாடை அதிகம் அடிக்கும் இடம்தான் பின்னாளில் சங்கடமானதும். ஸ்டோக்கரின் பிரபுவுக்கு ஊழியம் செய்யும் நாடோடிகளின் சாயலில் பரோவியாவில் வந்த விஸ்தானிகள், ரோமானி மக்களைக் கொச்சைப்படுத்துவதாகக் கண்டனம் எழுந்தது. 2016-இல் வந்த 'கர்ஸ் ஆஃப் ஸ்ட்ராட்' பதிப்பில் அந்தச் சித்திரிப்பை 2020-இல் திருத்தினார்கள். பனியும் சீட்டும் அதிலும் இருக்கின்றன.