தோலில் அரிப்பு, குடலில் காரணம்

மாணவர்களே, தோட்டப்புறத்தில் தோல் அரிப்புக்குக் காரணம் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. செம்பனைக் காட்டில் கொசு உண்டு, உரம் உண்டு. வீட்டில் ஒருவருக்குச் சிரங்கு வந்தால் மற்றவருக்கும் ஒட்டிக்கொள்ளும். ஆனால், முழங்கை, முழங்கால், பிட்டம், தலை ஆகிய இடங்களில், உடலின் இருபுறமும் ஒரே மாதிரியாகச் சிறு கொப்புளங்கள் கூட்டமாகத் தோன்றி, களிம்பு பூசியும் மீண்டும் மீண்டும் வந்தால், அரிதான வேறொரு நோயையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

அதன் பெயர் டெர்மடைட்டிஸ் ஹெர்பெட்டிஃபார்மிஸ். 1884-இல் அமெரிக்கத் தோல் மருத்துவர் லூயிஸ் டூரிங் இதை விவரித்தார். பெயரில் ஹெர்பிஸ் இருந்தாலும் இதற்கும் அந்தக் கிருமிக்கும் தொடர்பில்லை. இது தொற்றாது. எனவே இந்நோய் உள்ளவரை ஒதுக்கி உட்கார வைப்பது தவறு.

உடலுக்குள் நடப்பது என்ன?

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் குளூட்டன் என்னும் புரதம் இருக்கிறது. ரொட்டி சானாய் மாவை வீசி விரிக்கும்போது அது கிழியாமல் நீள்வதற்கு இதுவே காரணம். சீலியாக் நோய் உள்ளவர்களின் நோய் எதிர்ப்பு மண்டலம் குளூட்டனைப் பகையாகக் கருதுகிறது. அதனால் சிறுகுடலின் விலஸ்கள், அதாவது உணவுச் சத்தை உறிஞ்சும் விரல் போன்ற அமைப்புகள், தேய்கின்றன. சிலருக்கு இவ்வேளையில் உருவாகும் எதிர்ப்பொருள்கள் இரத்தத்தின் வழி சென்று தோலின் மேலடுக்குக்குக் கீழே படிகின்றன. அங்கே வெள்ளை அணுக்கள் கூடுகின்றன, கொப்புளம் எழுகிறது. இவர்களில் பலருக்கு வயிற்றுக் கோளாறே தெரியாது. அதனால்தான் குடலுடன் உள்ள தொடர்பு 1966-இல்தான் இங்கிலாந்தில் கண்டறியப்பட்டது.

அரிசி உண்பவர்களுக்கும் வருமா?

2016-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, இந்தியாவில் 23,000-க்கும் மேற்பட்டவர்களைச் சோதித்தது. வடக்கே ஹரியானாவில் 1,000 பேரில் ஏறத்தாழ 12 பேரிடம் சீலியாக் எதிர்ப்பொருள் இருந்தது. தெற்கே வேலூரில் 1,000 பேரில் ஒருவரிடம் மட்டுமே இருந்தது. நோய்க்கு இடம் தரும் மரபணுவோ இரு இடங்களிலும் ஏறக்குறைய சம அளவில், மூன்றில் ஒருவருக்கு மேல் காணப்பட்டது. பெரிய வேறுபாடு கோதுமை உண்ணும் அளவில் இருந்தது. மலேசியாவில் 562 இளையோரைச் சோதித்த ஓர் ஆய்வில் 7 பேரிடம் இந்த எதிர்ப்பொருள் தென்பட்டது. ஆகவே, அரிது என்பதால் நமக்கு வராது என்று சொல்லிவிட முடியாது.

சோதனையும் சிகிச்சையும்

சந்தேகம் இருந்தால் முதலில் அரசாங்க கிளினிக்குக்குச் செல்லுங்கள். அங்கிருந்து தோல் மருத்துவரிடம் அனுப்புவார்கள். இரத்தச் சோதனையோடு, கொப்புளத்தை ஒட்டிய தோலில் ஒரு சிறு துண்டு எடுத்தும் சோதிப்பார்கள். அதற்கு முன் நீங்களாகவே கோதுமையை நிறுத்தாதீர்கள். எதிர்ப்பொருள் குறைந்து முடிவு தவறாகலாம்.

நோய் உறுதியானால் வாழ்நாள் முழுதும் குளூட்டன் இல்லாத உணவே அடிப்படைச் சிகிச்சை. தோல் தெளியப் பல மாதங்கள் ஆகும். அதுவரை டாப்சோன் மாத்திரை அரிப்பைச் சில நாளில் தணிக்கும். தொழுநோய்க்கும் இதே மருந்து தரப்படுவதால், மாத்திரையைப் பார்த்து யாரையும் தொழுநோயாளி என எண்ணிவிடாதீர்கள். டாப்சோன் குடலைக் குணப்படுத்தாது. ஜி6பிடி குறைபாடு உள்ளவர்களுக்கு இது சிவப்பணுக்களைச் சிதைக்கும். நம் நாட்டில் பிறந்த குழந்தைகளுக்கு இக்குறைபாடு சோதிக்கப்படுவதால், பழைய குழந்தைப் பதிவேட்டை மருத்துவரிடம் காட்டுங்கள்.

சமையலறையில் கவனிக்க

உண்ணலாம்: சோறு, இட்லி, புட்டு, இடியாப்பம், மீஹூன், மரவள்ளிக்கிழங்கு, கேழ்வரகு, பருப்பு, மீன், முட்டை.

தவிர்க்க வேண்டும்: ரொட்டி, சப்பாத்தி, ரவை, மஞ்சள் மீ, பிஸ்கட், பார்லி தண்ணீர், மால்ட் பானங்கள்.

மறைந்திருப்பவை: பல பெருங்காயத் தூள்களில் கோதுமை மாவு கலந்திருக்கும்; சோயா கிச்சாப்பிலும் கோதுமை உண்டு. பொட்டலத்தில் ‘கண்டும்’ என்ற மலாய்ச் சொல்லைத் தேடுங்கள், அதுதான் கோதுமை.

சிந்தியுங்கள்

1. ரொட்டி சானாய் போட்ட கல்லிலேயே தோசை ஊற்றினால், நோயாளி அதை உண்ணலாமா? ஏன்?
2. டாப்சோனால் அரிப்பு நின்றுவிட்டது. பிறகும் உணவுக் கட்டுப்பாடு எதற்கு?